பார்முலாவுக்குள் எண்ணைப் பூட்டாதீர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெல் தொகுப்பில் முதலில் கற்றுக்கொள்வது கூட்டல். அடுத்த வாரமே இஃப் பங்ஷன் கைக்கு வந்துவிடும். "இது இருந்தால் அது, இல்லாவிட்டால் வேறு" என்று கம்ப்யூட்டரிடம் சொல்லி, அதுவும் அப்படியே செய்யும்போது ஏற்படும் மகிழ்ச்சி பெரியது. நானும் அந்த மகிழ்ச்சியில் திளைத்தவன்தான். ஆனால் அந்த இஃப் பங்ஷனை அரைகுறையாகப் பயன்படுத்தி ஒரு தொழிலாளியின் வயிற்றில் அடித்திருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, எண்களை எங்கே வைக்க வேண்டும், பார்முலாவை எங்கே வைக்க வேண்டும் என்பது பற்றி என் கருத்தைச் சொல்கிறேன்.

நான் இருப்பது திருவள்ளூர். சிறிய தொழிற்கூடங்களுக்கு வீட்டிலிருந்தபடியே சம்பளப் பட்டியல் தயாரித்துக் கொடுப்பது என் வேலை. கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் உள்ள ஓர் இரும்புப் பட்டறையும் என் வாடிக்கையாளர். நாற்பது பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். பாதிப் பேர் பொன்னேரி, கவரைப்பேட்டை, ஆரம்பாக்கம் பக்கத்து ஆட்கள். மீதிப் பேர் ஒடிசா, பீகார் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். மாதம் முடிந்ததும் வருகைப் பதிவேட்டைப் படம் எடுத்து அனுப்புவார்கள். நான் எக்ஸெல்லில் ஏற்றிப் பிடித்தங்களைக் கணக்கிட்டுத் திருப்பி அனுப்புவேன்.

அந்தப் பிடித்தங்களில் ஒன்று இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசு காப்பீட்டுக்கான பங்கு. 2017 ஜனவரி 1 முதல் இதற்கான சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய். 2019 ஜூலை 1 முதல் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். நான் எழுதிய பார்முலா இதுதான்: மொத்தச் சம்பளம் 21,000-க்கு மேல் இருந்தால் "இல்லை" என்று காட்டு; இல்லாவிட்டால் "உண்டு" என்று காட்டி 0.75 சதவீதம் பிடி. ஒரே வரி. நாற்பது செல்களுக்கும் இழுத்து விட்டேன். பார்க்க அழகாக இருந்தது.

தவறு எங்கே?

2022 ஏப்ரலில் பட்டறைக்கு ஆர்டர் அதிகம். ஒருவருக்கு மாதச் சம்பளம் 19,500 ரூபாய். அந்த மாதம் மிகைநேர வேலைக்காக, அதாவது ஓவர்டைமுக்காக, 1,800 ரூபாய் சேர்ந்தது. மொத்தம் 21,300. என் பார்முலா "இல்லை" என்றது.

அப்போதிருந்த விதி வேறு. ஒருவர் வரம்புக்குள் வருகிறாரா என்று பார்க்கும்போது மிகைநேரப் பணத்தைச் சேர்க்கக் கூடாது. ஆனால் பங்கைக் கணக்கிடும்போது அதைச் சேர்க்க வேண்டும். ஆகவே அவர் 19,500 ரூபாய்க்காரர், வரம்புக்குள் இருப்பவர். அவருக்கு 21,300-ல் 0.75 சதவீதம், அதாவது 159 ரூபாய் 75 காசு, முழு ரூபாயாக 160 பிடித்திருக்க வேண்டும். நான் ஒரே எண்ணை இரண்டு கேள்விகளுக்கும் பயன்படுத்தினேன்.

ஒரு மாதத்தோடு போயிருந்தால் 160 ரூபாய்தான். ஆனால் இ.எஸ்.ஐ. கணக்கில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை ஒரு காலம். காலத் தொடக்கத்தில் உள்ளே இருப்பவர், நடுவில் சம்பளம் உயர்ந்து வரம்பைத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும்வரை உள்ளேதான் இருப்பார். இந்த விதியை நான் அரைகுறையாகத் தெரிந்து வைத்திருந்தேன். "ஆறு மாதத்துக்கு மாறாதல்லவா" என்று, ஏப்ரல் ஷீட்டை மே மாதத்துக்குக் காப்பி செய்யும்போது அந்த "உண்டு, இல்லை" நெட்டு வரிசையைப் பார்முலாவாக ஒட்டாமல் வெறும் மதிப்பாக ஒட்டிவிட்டேன். பட்டறையிலும் என் பட்டியலை நம்பி, அவர் வரம்பைத் தாண்டியவர் என்று பதிவு செய்துவிட்டார்கள். ஏப்ரலில் விழுந்த "இல்லை" செப்டம்பர் வரை அசையவில்லை.

அவரும் கேட்கவில்லை. பிடித்தம் குறைந்தால் யார் கேட்பார்கள்? கைக்கு 160 ரூபாய் கூட வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டிருப்பார்.

2023 பிப்ரவரியில் அவருக்கு மஞ்சள் காமாலை. மூன்று வாரம் வேலைக்குப் போக முடியவில்லை. நோய்க்கால உதவித்தொகையாக நாள் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்க வேண்டும். ஜனவரி முதல் ஜூன் வரை நோய்வாய்ப்பட்டால், முந்தைய ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குப் பங்கு கட்டியிருக்க வேண்டும். அவர் பெயரில் அந்தக் காலத்தில் ஒரு நாள்கூட இல்லை.

"என்ன சார், கார்டு இருக்கு, பணம் இல்லைங்கிறாங்களே?" என்று பட்டறை போனிலிருந்து என்னிடம் கேட்டார். பைலைத் திறந்து பார்த்தேன். பெரியபாளையம் வழியாகப் பஸ் பிடித்துப் போய், தவறு என்னுடையது என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். விடுப்பு நாட்களுக்கான தொகையைத் தன் கையிலிருந்து கொடுத்தார். விட்டுப்போன பங்கையும் வட்டியோடு கட்டினார். நான் மூன்று மாதக் கூலி வாங்கவில்லை. ஆனால் காமாலையோடு படுத்திருந்தவர் கடைக்காரரிடம் கடன் சொல்லிக் கழித்த அந்த மூன்று வாரத்தை யாரும் திருப்பித் தர முடியாது.

பார்முலா பதில் சொல்லும் இயந்திரம் அல்ல

எக்ஸெல் எந்தப் பிழையும் காட்டவில்லை. சிவப்புக் கட்டம் வரவில்லை. நான் கேட்டதற்குச் சரியாகவே பதில் சொன்னது. நான் கேட்ட கேள்விதான் தவறு. இதை உணர்ந்த பிறகு, நிபந்தனையோடு கணக்கிடும் எந்த நெட்டு வரிசையை அமைக்கும்போதும் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன். நிபந்தனையைச் சோதிக்க எந்த எண் வேண்டும்? கணக்குப் போட எந்த எண் வேண்டும்? இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைப்பதுதான் நம்மில் பலர் செய்யும் தவறு. பெரும்பாலும் அந்த எண்கள் வெவ்வேறு பட்டியல்களில் இருக்கும்.

என்னுடைய கருத்து இதுதான்: பார்முலாவுக்குள் எண் இருக்கக் கூடாது. வரம்பு, சதவீதம், விலை, தேதி எல்லாம் தனிப் பட்டியலில் இருக்க வேண்டும். பார்முலா அங்கே போய் எடுத்து வர வேண்டும். 1970-ல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட், தகவல்களை ஒன்றுக்கொன்று தொடர்புடைய பட்டியல்களாக வைப்பது பற்றிய தன் கட்டுரையை வெளியிட்டார். இன்றைய டேட்டாபேஸ் தொகுப்புகள் பலவும் அந்தச் சிந்தனையில் எழுந்தவை. வீட்டில் சம்பளப் பட்டியல் போடும் நமக்கும் அது பொருந்தும்.

மூன்று ஷீட் போதும்

இப்போது நான் அமைத்திருக்கும் முறையைச் சொல்கிறேன். நீங்களும் செய்து பார்க்கலாம். ஒவ்வொரு ஆறு மாதக் காலத்துக்கும் ஒரு பைல். அதில் மூன்று ஷீட்கள்.

முதல் ஷீட்டின் பெயர் "ஆள்". இதில் மூன்று நெட்டு வரிசைகள்: தொழிலாளி எண், பெயர், தொடக்கச் சம்பளம். தொடக்கச் சம்பளம் என்பது ஏப்ரல் 1 அல்லது அக்டோபர் 1 அன்று மிகைநேரம் சேர்க்காத மாதச் சம்பளம். நடுவில் சேர்ந்தவருக்குச் சேர்ந்த நாளின் சம்பளம். காலம் முடியும்வரை இதைத் தொடக் கூடாது.

இரண்டாவது ஷீட் "விகிதம்". இதிலும் மூன்று நெட்டு வரிசைகள்: எந்தத் தேதி முதல், வரம்பு, தொழிலாளி பங்கு. என் ஷீட்டில் மூன்று படுக்கை வரிசைகள் உள்ளன. 2010 மே 1, 15,000 ரூபாய், 1.75 சதவீதம். 2017 ஜனவரி 1, 21,000 ரூபாய், 1.75 சதவீதம். 2019 ஜூலை 1, 21,000 ரூபாய், 0.75 சதவீதம். தேதிகள் கட்டாயம் ஏறுவரிசையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது ஷீட் "மாதம்". தொழிலாளி எண், மாதத்தின் முதல் தேதி, அந்த மாதம் ஈட்டிய சம்பளம், மிகைநேரப் பணம் ஆகிய நான்கையும் நாம் டைப் செய்கிறோம். அடுத்த ஐந்து நெட்டு வரிசைகளைக் கம்ப்யூட்டர் நிரப்பும்.

முதலாவது, தொடக்கச் சம்பளம். இங்கே வி-லுக்-அப் என்னும் பங்ஷனைப் பயன்படுத்துங்கள். அதற்கு நான்கு விவரங்கள் தர வேண்டும். எதைத் தேட வேண்டும்: தொழிலாளி எண். எங்கே தேட வேண்டும்: "ஆள்" ஷீட்டின் மூன்று நெட்டு வரிசைகள். கண்டுபிடித்தபின் எத்தனையாவது நெட்டு வரிசையிலிருந்து எடுக்க வேண்டும்: 3. கடைசியாக, சரியாகப் பொருந்த வேண்டுமா: இங்கே பூஜ்யம் தாருங்கள். அப்போதுதான் அதே எண் இருந்தால் மட்டும் எடுக்கும். இந்த நான்காவது விவரத்தை விட்டுவிட்டால், எண் கிடைக்காதபோது அதைவிடச் சிறிய எண்ணுக்குரிய சம்பளத்தை எடுத்துத் தந்துவிடும். அதாவது அடுத்தவன் சம்பளம் இவன் கணக்கில் விழும். பிழைச் செய்தியும் வராது.

இரண்டாவது, வரம்பு. மூன்றாவது, விகிதம். இவற்றுக்கும் அதே வி-லுக்-அப்தான். ஆனால் தேடுவது மாதத்தின் தேதியை. தேடும் இடம் "விகிதம்" ஷீட். இங்கே நான்காவது விவரமாக 1 தாருங்கள். இப்போது "சிறியதில் பெரியதை" எடுக்கும் அந்தக் குணமே நமக்கு உதவும். 2022 ஏப்ரல் 1 என்ற தேதி பட்டியலில் இல்லை. அதற்கு முந்தைய கடைசித் தேதியான 2019 ஜூலை 1-க்குரிய வரம்பும் சதவீதமும் வந்து நிற்கும். ஒரு பட்டியலில் ஆபத்தாக இருப்பது இன்னொன்றில் தேவையாக இருக்கிறது. அதனால்தான் இந்த நான்காவது விவரத்தை எப்போதும் விடாமல் எழுதுங்கள் என்கிறேன்.

நான்காவது, "சேருமா?" என்ற நெட்டு வரிசை. இங்கேதான் இஃப் வருகிறது. தொடக்கச் சம்பளம் வரம்பைவிடக் குறைவாகவோ சமமாகவோ இருந்தால் "உண்டு", இல்லாவிட்டால் "இல்லை". சமக்குறியை மறக்காதீர்கள். சரியாக 21,000 வாங்குபவரும் வரம்புக்குள்தான்.

ஐந்தாவது, பங்கு. "உண்டு" என்றிருந்தால் ஈட்டிய சம்பளத்தையும் மிகைநேரப் பணத்தையும் கூட்டி விகிதத்தால் பெருக்கி, ரவுண்ட்-அப் பங்ஷன் மூலம் மேல் ரூபாய்க்கு முழுமையாக்குங்கள். இல்லாவிட்டால் பூஜ்யம்.

ஐந்தையும் ஒரே செல்லில் ஒன்றுக்குள் ஒன்றாக எழுதிவிட முடியும். அப்படி எழுதுவதைச் சாமர்த்தியம் என்று நினைப்பவர்கள் உண்டு. வேண்டாம் என்பேன். தனித்தனி நெட்டு வரிசையாக இருந்தால் பட்டறையில் உள்ளவர்கூட விரல் வைத்துப் பார்த்து, "தொடக்கச் சம்பளம் 19,500, வரம்பு 21,000, பிறகு எப்படி இல்லை?" என்று கேட்க முடியும். அன்று அப்படி யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பஸ் செலவு மிச்சம்.

பெயரை நம்பாதீர்கள்

பட்டியல்களை இணைக்கும் கயிறு எது என்பதும் முக்கியம். முதலில் நான் பெயரை வைத்துத் தேடினேன். ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தார்கள். வி-லுக்-அப் முதலில் வருபவரையே எடுத்தது. வெளிமாநிலத்தவர் பெயர்களை ஒரு மாதம் ஒரு மாதிரியும் அடுத்த மாதம் வேறு மாதிரியும் எழுதியிருப்பார்கள். ஆகவே ஆளுக்கு ஓர் எண் கொடுங்கள். வேலையை விட்டுப் போனவரின் எண்ணைப் புதியவருக்குத் தராதீர்கள். எண்ணை ஒரு ஷீட்டில் எண்ணாகவும் இன்னொரு ஷீட்டில் டெக்ஸ்டாகவும் வைத்தால் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு.

தேடியது கிடைக்காவிட்டால் எக்ஸெல் ஒரு பிழைக் குறியைக் காட்டும். அது அசிங்கமாக இருக்கிறது என்று, இஃப்-எரர் பங்ஷனால் மறைத்துப் பூஜ்யம் வரச் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நானே செய்திருக்கிறேன். பிழைக் குறி நம்மைக் கூப்பிடும் குரல். அதன் வாயைப் பொத்தினால் அங்கே ஒரு தொழிலாளியின் பங்கு பூஜ்யமாகும். பிழை தெரியட்டும், திருத்திவிட்டு அனுப்புவோம்.

ஆக்சஸ் தொகுப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஆக்சஸ் 2010 முதல் டேபிளுக்குள்ளேயே கணக்கிடும் பீல்டு அமைக்கலாம். ஆனால் அது அதே டேபிளில் உள்ள பீல்டுகளை மட்டுமே பார்க்கும். வேறு டேபிளை எட்டிப் பார்க்காது. இரண்டு டேபிள்களிலிருந்து எடுத்துக் கணக்கிட ஒரு குவெரி அமைத்து, அதில்தான் நிபந்தனையை எழுத வேண்டும். எக்ஸெல் 2021 வைத்திருப்பவர்கள் எக்ஸ்-லுக்-அப் பயன்படுத்தலாம். அது தானாகவே சரியான பொருத்தத்தைத் தேடும். பணம் செலவழிக்க விரும்பாதவர்களுக்கு இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பிலும் வி-லுக்-அப், இஃப் இரண்டும் உண்டு.

இவ்வளவு சிரமம் எதற்கு?

"இதற்கென்று சாப்ட்வேர் விற்கிறார்களே, வாங்கிவிட்டால் போகாதா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நூறு பேருக்கு மேல் இருந்தால் நானும் வாங்கத்தான் சொல்வேன். ஆனால் அந்தச் சாப்ட்வேரும் தொடக்கத்தில் உங்களிடம் கேட்கும்: மிகைநேரப் பணம் வரம்புக்குச் சேருமா, பங்குக்குச் சேருமா? பதில் தெரியாமல் டிக் செய்தால் அங்கேயும் என் கதைதான். சிந்தனையை விலைக்கு வாங்க முடியாது.

"நாற்பது பேர்தானே, கையாலேயே போடலாமே?" என்பது இன்னொரு வாதம். போடலாம். 2019 ஜூலையில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஆறு மாதக் காலத்தின் நடுவில் சதவீதம் மாறியது. 10,000 ரூபாய் சம்பளத்துக்கு ஜூன் வரை 175 ரூபாய் பிடித்தவர்கள் ஜூலையிலிருந்து 75 பிடிக்க வேண்டும். பார்முலாவுக்குள் 1.75 என்று எழுதி வைத்திருந்தவர்கள் எத்தனை ஷீட்டில் எத்தனை செல்லைத் தேடித் திருத்தியிருப்பார்கள்? "விகிதம்" ஷீட் வைத்திருந்தால் ஒரே ஒரு படுக்கை வரிசை சேர்த்தால் போதும். பழைய மாதங்கள் பழைய சதவீதத்திலேயே நிற்கும்; புதியவை புதியதற்கு மாறும்.

இது பழங்கதை அல்ல. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றில் ஊதியம் என்ற சொல்லுக்கான விளக்கமே மாறியிருக்கிறது. நான் மேலே சொன்ன மிகைநேர விதி 2022-ல் இருந்தது. இன்றைய கணக்குக்கு எது சேரும், எது சேராது என்பதை விவரம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்ட பதிலையும் பார்முலாவுக்குள் ஒளிக்காமல் இன்னொரு சிறு பட்டியலாக எழுதுங்கள்: சம்பள இனம், வரம்புக்குச் சேருமா, பங்குக்குச் சேருமா, எந்தத் தேதி முதல். விதி மாறும்போது பட்டியல் மாறட்டும். பார்முலா நிலையாக இருக்கட்டும்.

பால் கணக்கில் தொடங்குங்கள்

சம்பளப் பட்டியல் போடாதவர்களும் வீட்டில் பழகலாம். ஒரு ஷீட்டில் தேதியும் வாங்கிய பாலின் அளவும். இன்னொன்றில் எந்தத் தேதி முதல் லிட்டர் என்ன விலை என்பதும். விலை ஏறினால் இரண்டாவது ஷீட்டில் ஒரு வரி. மாதம் முழுவதற்கும் கணக்கு தானாகச் சரியாகும். இதில் தவறினால் பால்காரரோடு சின்ன வாக்குவாதம், அவ்வளவுதான். அடுத்தவர் கணக்கைத் தொடும் முன் இங்கே கை பழகட்டும்.

எதை அமைத்தாலும் சோதித்துப் பாருங்கள். நான் இப்போது ஒவ்வொரு பைலிலும் மூன்று கற்பனை ஆட்களை முதலில் ஏற்றுகிறேன். ஒருவருக்குச் சரியாக 21,000. ஒருவருக்கு 21,001. மூன்றாமவருக்கு 19,500 சம்பளமும் 1,800 மிகைநேரமும். முதலாமவருக்கு "உண்டு", இரண்டாமவருக்கு "இல்லை", மூன்றாமவருக்கு "உண்டு, 160 ரூபாய்" என்று வந்தால்தான் நிஜ ஆட்களின் பெயர்களை ஏற்றுவேன்.

அந்த மூன்றாவது ஆள் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவர் இப்போதும் அதே பட்டறையில்தான் இருக்கிறார். சம்பளச் சீட்டு வந்ததும் இ.எஸ்.ஐ. பிடித்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பாராம். பிடித்தம் இருந்தால்தான் அவருக்கு நிம்மதி. எனக்கும்தான்.